குளிருக்கு லூர்து சொன்ன யோசனை

"அலோ... அலோ... ஏஞ்சலாவா? சொல்லும்மா... கேக்குது, கேக்குது, நீ சொல்லு... என்னது, சூடு வரலையா?... எப்பலேர்ந்து?... மத்தியானத்துலேர்ந்தா?... சரி. சரி, பயப்படாத. அப்பா இருக்கேன்ல."

லூர்து ஏணியின் எட்டாவது படியில் நின்றிருந்தார். யாங்கோனின் லத்தா பேட்டையில் ஒரு மருந்து மொத்தக் கடையின் பின்சந்து அது. சுவரில் இரும்புத் தாங்கியின் மேல் உட்கார்ந்திருந்த ஏசியின் வெளிப்பெட்டியைத் திறந்துபோட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பர்கத்துல்லா பாய். லூர்து ஏசி மெக்கானிக், பாய் வயர்மேன். இருவரும் அதே நகரின் இன்சீன்காரர்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கருவிப் பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைகிறவர்கள்.

பெண்களையும் அப்படியே ஜோடியாக வளர்த்துவிட்டார்கள். லூர்துவின் மகள் ஏஞ்சலா, பாயின் மகள் ஜஸீலா. போன வருஷம் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஜப்பானுக்குப் போனார்கள். வடகோடியில், ஹொக்கைடோவில், ஒரு மீன் ஆலையில் வேலை. ஒரே வீட்டில் வாசம். இது அவர்களுக்கு முதல் பனிக்காலம்.

"ஆமா... ஆமா... ரிமோட்டுல சூரியன் படம் தெரியுதா?... தெரியுது. எத்தனையில வச்சிருக்க?... இருவத்தஞ்சு. சரி. காத்து வருதா?... வருது, ஆனா பச்சத் தண்ணி மாதிரி வருது. ம்... தமிழ்ல சொல்லு, தமிழ்ல சொல்லு. அங்க போயும் பர்மா பாஷையா?"

யாங்கோனில் ஜனவரிக் குளிர் என்றால் விடியற்காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எட்டரை மணிக்கு வியர்வையில் கழற்றிப்போடுவது. அதைத் தாண்டி லூர்து கண்ட குளிரெல்லாம் அவர் கையால் பெட்டிக்குள்ளிருந்து வரவழைத்ததுதான். ஆனால் ஏசி என்று வந்துவிட்டால் பூமியின் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் அவர் வாய் சும்மா இருக்காது. அந்த ஊரில் ஏசியை வைத்துத்தான் வீட்டைச் சூடாக்குகிறார்கள் என்று மகள் சொன்ன அன்று, தெருவில் தேநீர்க்கடை தேநீர்க்கடையாகப் போய் அந்த அதிசயத்தை விளக்கிவிட்டு வந்தவர் அவர்.

"நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்? இங்க ஏசி என்ன பண்ணுது? வீட்டுக்குள்ள இருக்குற சூட்ட அள்ளி வெளிய கொட்டுது. அங்க தலகீழு. வெளிய இருக்குற சூட்ட அள்ளி உள்ள கொண்டாருது... ஏன் இல்லாம? மைனஸ் எட்டுலயும் சூடு இருக்கும்மா. நமக்குத் தெரியாது, உள்ள ஓடுற கேஸுக்குத் தெரியும்... சிரிக்காத. அப்பா பேச்சு எப்பவும் உனக்குச் சிரிப்புதான்... அதனால வெளிப்பெட்டியில ஐஸ் பிடிக்கத்தான் செய்யும். நடுவுல நடுவுல அதுவே அத உருக்கிக்கும்... உருக்கலன்னா? அதத்தான் பாக்கணும். நீ வெளிய போயி பெட்டி எப்படி இருக்குன்னு பாரு... இப்பவே. கால்ல பூட்ஸ் போட்டுக்க."

கீழே பாய் அண்ணாந்து பார்த்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, ஆனால் கவலைப்படுவதில் யாரும் அவரை மிஞ்ச முடியாது. லூர்து போனைக் கையால் மூடிக்கொண்டு, "சூடு வரலையாம் பாய், சரி பண்ணிரலாம்," என்றார். பாய் தலையாட்டினார்.

"ஆங்... சொல்லு... ஐஸா? எவ்வளவு?... பெட்டியே தெரியலையா? அது எப்படி... தார்ப்பாயோட சேந்தா? தார்ப்பாய இன்னுமா கட்டி வச்சிருக்க?... முன்பக்கமும் மூடியா? காத்தாடி சுத்துற பக்கமுமா?... ஓ... ம்... ஆமா. ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

கடைசி வார்த்தைகளை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். போன வாரம் அங்கே பெரும்பனி கொட்டியபோது ஏஞ்சலா போட்டோ அனுப்பியிருந்தாள். இங்கே மழைக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் கடைகளின் வெளிப்பெட்டிகளைத் தார்ப்பாயில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவைப்பது லூர்துவின் வழக்கம். பனியும் தண்ணீர்தானே என்று நினைத்து, நாலு பக்கமும் சுற்றி இறுக்கிக் கட்டு என்று சொல்லிவிட்டார். இங்கே கட்டுவது ஓடாத பெட்டியை. அங்கே ராப்பகலாக ஓடுகிற பெட்டியை மூச்சு முட்டக் கட்டச் சொல்லியிருக்கிறார். காத்து இல்லாமல் அது எங்கே போய்ச் சூட்டை அள்ளும்? ஒரு வாரம் திணறிவிட்டு ஐஸுக்குள் சமாதியாகிவிட்டது. தொழிலில் முதல் நாள் சேர்ந்த பையன்கூடச் செய்யாத தப்பு என்று லூர்துவுக்குக் காது சூடேறியது. பாய்க்குக் கேட்டிருக்கக் கூடாதே என்றுதான் முதலில் தோன்றியது.

"சரி, சரி. கயித்த அறுத்து தார்ப்பாய எடுத்துரு. ஐஸ கத்தியால குத்தாத, பைப்பு ஓட்டையாயிரும்... மெயின அணைச்சிட்டு அப்படியே விடு. கம்பெனி ஆளுக்குப் போன் பண்ணு, வந்து உருக்கித் தரட்டும்... நாளைக்குத்தான் வருவானா? அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?... குளிரலையா? ஏசியே ஓடல, எப்படிக் குளிராம இருக்கும்?... ஓ, அடுப்பா. கரி அடுப்பு. நல்லதாப் போச்சு."

நல்லதாப் போச்சு என்றுதான் சொன்னார். யாங்கோன்காரன் வேறென்ன சொல்வான்? முறை வைத்து மின்சாரம் வருகிற ஊரில் பாதி வீட்டில் கரி அடுப்பில்தான் உலை கொதிக்கிறது. லூர்துவின் வீட்டுச் சமையலறையிலும் அதுதான். பலகைச் சுவர், பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து, மேலே தகரம். புகை வந்த வழியே போய்விடும். கரி அடுப்புக்குப் பயப்பட வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

அவர் ஸ்பானரை மறுபடி கையில் எடுத்தார்.

"தல வலிக்குதா? பனியில போயி நின்னேல்ல, அதான்... அதுக்கு முன்னாடியேவா?... வாந்தி வர்ற மாதிரி இருக்கா? காலையில என்ன சாப்ட?... ஏஞ்சலா, ஏன் இழுத்து இழுத்துப் பேசுற?... தூக்கம் வருதா? சாயங்காலம் நாலரை மணிக்கா?... அம்மா, ஒண்ணு கேக்குறேன். ஜன்னல் தொறந்திருக்கா?... டேப்பு... ஆமா... ஒட்டச் சொன்னேன்... எல்லா ஜன்னல்லயுமா?... கதவுக்குக் கீழயுமா?"

ஸ்பானர் கையிலிருந்து நழுவி, பாயின் தோளை உரசிக்கொண்டு கீழே விழுந்தது.

ஏசி போட்ட அறையில் ஒரு பொட்டு ஓட்டை இருக்கக் கூடாது. இது லூர்து முப்பது வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு ஓதுகிற வேதம். மகளுக்கும் அதையே ஓதினார். ஆள் கையில் ஆறு சுருள் டேப்பும் கொடுத்தனுப்பினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் அவள். அந்த வீட்டில் இப்போது ஈ போகவும் இடமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்சீன் சந்தைப் பக்கம் ஒரு கடையில், திருட்டுக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுத்திருந்தார்கள். மறுநாள் ஷட்டரை உடைக்க லூர்துவையும் பாயையும்தான் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். முகமெல்லாம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பவர்கள் மாதிரியே, அடைபட்ட புகைக்குச் செத்துக் கிடந்தார்கள். அன்று பாய் வீட்டுக்கு நடந்தே போனார்.

"ஜஸீலா எங்க?"

அந்தப் பெயரை அவர் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது. ஏணியின் அடியில் பாயின் முகம் நிமிர்ந்தது.

"...தூங்குறா. நைட் ஷிஃப்டு. சரி. எந்த ரூம்ல?... அடுப்பு எங்க இருக்கு?... ஏன் அங்க வச்ச?... குளிர்ல நடுங்கினாளா... அதனால தலமாட்டுல வச்சியா... எத்தன மணிக்கு வச்ச?... ரெண்டரைக்கு."

இரண்டு மணி நேரம். இனிமேல் குரலைத் தாழ்த்திப் பிரயோசனமில்லை.

"ஏஞ்சலா, கேளு. நான் சொல்றத மட்டும் செய்யி, ஏன்னு கேக்காத. போன ஸ்பீக்கர்ல போட்டுப் பையில வை. கட் பண்ணிராத. இப்ப வாசக்கதவத் தொற... குளிரட்டும்... குளிரட்டும்னு சொல்றேன்ல... அவ திட்டினா திட்டட்டும். தொற... தொறந்தியா? தலைய வெளிய நீட்டி நல்லா மூச்சு இழு. இன்னொரு தரம். இன்னொரு தரம்... இப்ப அவ ரூமுக்குப் போயி ஜன்னல். டேப்பப் பிய்யி... வரலைன்னா கத்தியால கிழி. கண்ணாடி ஒடைஞ்சாலும் பரவாயில்ல, ஒடை... அப்பா சொல்றேன். ஒடை."

ஏணி ஆடியது. பாய் இரண்டு படி ஏறிவிட்டிருந்தார். லூர்து கையை ஆட்டி அவரைத் தடுத்து, போனைக் காதிலிருந்து எடுக்காமலே தட்டுத்தடுமாறி இறங்கினார். கடைசிப் படியில் கால் வழுக்கிற்று. பாய் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தார். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தவர்போல நின்றார்.

"சரி... இப்ப அவள எழுப்பு... சத்தமாக் கூப்பிடு... கன்னத்துல தட்டு. நல்லா அடி... எழுந்திரிக்கலையா... கண்ணு?... சரி. அழாத. அழ நேரமில்ல. பர்மாவுலயே சொல்லு, பரவாயில்ல, எதுல வேணாலும் சொல்லு... அடுப்பத் தொடாத. அத விடு. மொதல்ல ஆளு. மெத்தை தரையிலதானே இருக்கு? மெத்தையோட சேத்து இழு. தலப்பக்கம் பிடிச்சுக்க... பாய்விரிப்புல வழுக்கிட்டு வரும், இழு... வாசல்ல பனி கெடந்தாக் கெடக்கட்டும், அதுமேலயே இழு. அவமேல போர்வையப் போட்டுக்க... என்ன, முடியலையா?... ஏஞ்சலா, உக்காராத. கேக்குதா? உக்காராதம்மா. உக்காந்தீன்னா எழுந்திரிக்க மாட்ட. ஜன்னல்கிட்ட போயி நாலு மூச்சு இழுத்துட்டு வா... ஆ, அப்படித்தான். இப்ப இழு. இன்னும். கதவு தெரியுதா?... இன்னும் ரெண்டு எட்டு. என் தங்கமே, இன்னும் ரெண்டு எட்டு."

கடைக்காரம்மா டோ சான் பின்கதவைத் திறந்து, எப்போது முடியும் சயா என்று மரியாதையாகக் கேட்க வாயெடுத்தவள், இவர்கள் இருவரும் நின்ற நிலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

போனில் இப்போது பேச்சில்லை. எதையோ இழுக்கிற சத்தம், ஒரு பாத்திரம் உருண்ட சத்தம், மகளின் மூச்சிரைப்பு. அப்புறம் அதுவும் இல்லை. லூர்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மூவாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வாசற்படி. அங்கே கையைக்கூட நீட்ட முடியாமல் நிற்கிற தகப்பனுக்கு என்ன பேர் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. தன்மேல்தான் ஆத்திரம். வேறு யார்மேல் வர முடியும்?

"அலோ... ஏஞ்சலா... அலோ... ஏதாச்சும் சொல்லு... ஆங். வந்துட்டீங்களா? வெளிய வந்துட்டீங்களா ரெண்டு பேரும்?... மூக்குகிட்ட கைய வச்சுப் பாரு... பொறுமையாப் பாரு... இருக்கா? நல்லாத் தெரியுதா?... பாய், மூச்சு இருக்கு. மூச்சு இருக்குங்குறா."

பர்கத்துல்லா பாய் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். டோ சான் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஒருக்களிச்சுப் படுக்க வை. வாந்தி எடுத்தா மூச்சு அடைச்சுரக் கூடாது... ஜஸீலா போன் எங்க?... அவ சட்டப் பையிலயா? எடு. ஆம்புலன்ஸுக்கு நூத்திப்பத்தொம்போது அடி... பூட்டியிருந்தாலும் அவசரத்துக்கு அடிக்கலாம், கீழ பட்டன் இருக்கும் பாரு... அவங்க பாஷை வரலைன்னா? படிச்சிட்டுத்தானே போன? கரி, புகை, மயக்கம், விலாசம். நாலு வார்த்தை போதும். பேசு. நான் லைன்லயே இருக்கேன்."

ஏஞ்சலா பேச ஆரம்பித்தாள். ஒரு எழுத்தும் லூர்துவுக்குப் புரியவில்லை. இடையில் அழுகிறாள், திக்குகிறாள், திரும்பச் சொல்கிறாள். ஆனால் நிறுத்தாமல் பேசுகிறாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. சற்றுமுன் இழுத்து இழுத்துப் பேசிய அந்தப் பேச்சு இல்லை இது.

"ம்... வர்றாங்களா? எத்தன நிமிசம்?... பத்து நிமிசம். சரி. போர்வைய நல்லா மூடு. நீயும் அவ பக்கத்துலயே ஒட்டி உக்காந்துக்க... இப்ப உக்காரலாம். வெளியதானே, உக்காரு... என்ன?... என்னம்மா?... கண்ணத் தொறந்தாளா?... என்ன சொல்றா?... திட்டுறாளா?"

லூர்து சிரித்தார். சிரிப்பு என்று வெளியே வந்தது அழுகை மாதிரி இருந்தது.

"எவடி கதவத் தொறந்தவன்னு கேக்குறாளா?... திட்டட்டும். இன்னும் நல்லாத் திட்டச் சொல்லு... பாய், உங்க மக என் மகளத் திட்டுறா."

பாய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. லூர்து அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தோடு போனைப் பாய் கையில் கொடுத்துவிட்டால் ஒன்றும் தெரியாமலே போய்விடும். ஏசி ரிப்பேர், பனி, கெட்ட நேரம், ஆண்டவன் காப்பாற்றினான். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷ சிநேகிதம் ஒரு கீறலும் விழாமல் அப்படியே இருக்கும்.

"ஏஞ்சலா, போன அவ காதுல வை... வை, நான் சொல்றேன்... ஜஸீலா, நான் லூர்து மாமா. நீ பேசாத, கேட்டுக்க மட்டும் செய்யி. உங்க அத்தா என் பக்கத்துலதான் இருக்காரு. அவருக்கும் கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன். அந்தப் பெட்டியத் தார்ப்பாயில கட்டச் சொன்னது நான். அதனாலதான் அது நின்னுபோச்சு. ஜன்னலெல்லாம் டேப்பு ஒட்டச் சொன்னதும் நான்தான். ஏஞ்சலாமேல ஒரு தப்பும் இல்ல, அவ நான் சொன்னதச் செஞ்சா... இல்லம்மா, நீ பேசாத... எனக்குக் குளிரப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். பேசிப் பேசி உன்ன... சரி. அந்த அடுப்பு ஒண்ணுதான் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல. யாரு சொல்லி வாங்குனீங்க?... சரி, சரி, வேணாம். இருமுது பாரு. அப்புறம் பேசிக்கலாம். இந்தா, அத்தாகிட்டப் பேசு."

போனை நீட்டினார். பாய் எழுந்து, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். லூர்துவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது லூர்து கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் ஆனார்.

"மகளே... ஆமா... ஆமாம்மா, அத்தாதான்... குளிருதா?... குளிரட்டும், குளிரட்டும்... ஏஞ்சலா எங்க? பக்கத்துலயே இருக்காளா?... அவ கையப் பிடிச்சுக்க... ம்... என்ன சத்தம்?... வண்டி வந்துருச்சா?... போ. அவங்க சொல்றபடி கேளு. போம்மா, போன வச்சுரு..."

அந்தப் பக்கம் லைன் வெட்டுப்பட்ட சத்தம் லூர்து நின்ற இடத்துக்கே கேட்டது. பாய் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, அதே குரலில் தொடர்ந்தார்.

"ஜஸீலா... அந்த அடுப்பு நான்தானம்மா வாங்கிக்கச் சொன்னேன். கரண்டு போனா புள்ளைங்க என்ன செய்யும்னு நெனச்சேன். அத்தா, அந்த ஊர்ல கரண்டே போகாதுன்னு நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன. நான் கேக்கல. கரண்டு போகாத ஊரு எந்த ஊருன்னு உன்கிட்டச் சண்ட போட்டேன். வாங்கிட்டேன்னு நீ சொல்ற வரைக்கும் போன வைக்கல... லூர்து மாமாமேல கோவிச்சுக்காத. என்ன?... கோவிச்சுக்காதம்மா."

லைன் எப்போதோ போய்விட்டது என்பது இருவருக்கும் தெரியும். லூர்து போனைத் திருப்பிக் கேட்காமல், அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார்.